அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட சைக்கிள்

சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
8-2-81

அன்பு மகள் ரோசரிக்கு அம்மா முத்தம் கொடுத்து எழுதிக்கொண்டது. நான் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது, மடத்துச் சமையலுக்கு மறுபடி போகிறேன். உன் சுகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு ஆபிதா வந்தாள். அவள் வீட்டுக்காரர் ஜெகபர் அலி புளி வாங்கப் பச்சைமலைக்குப் போயிருந்தாராம். காட்டுப் பாதையில் கல்லும் பள்ளமுமாக இருக்கிற இடத்தில், ஒரு பெண் ஆம்பிளை சைக்கிளில் பேண்ட் போட்டுக்கொண்டு மலை மேலிருந்து வருகிறதாம். பார்த்தால் நம்ம ரோசரி டீச்சராம்!

"உங்க பொண்ணு, 'மாமா தள்ளுங்க, பிரேக் இல்லே'ன்னு கத்திக்கிட்டே போயிருச்சாங்க்கா. இவரு புளி மூட்டையோட முள்ளுல போயி உக்காந்துட்டாரு. இன்னும் முள்ளு எடுத்துக்கிட்டிருக்கேன்" என்று ஆபிதா சிரிக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 

உன் அண்ணன் அடைக்கலம் கொள்ளிடக் கரையில் சைக்கிள் ஓட்டித்தான் போனான். கரை சறுக்கி, வெள்ளம் கொண்டுபோய், மறுநாள் கொண்டுவந்து போட்டார்கள். நீயும் பக்கத்தில்தானே இருந்தாய். நான் பெற்றது இரண்டு. மிச்சம் நீ.

ஜெகபர் அலி பார்த்தது உன்னை இல்லை, வேறு யாரோ என்று எழுது. நம்பிக்கொள்கிறேன்.

உன் அம்மா
வியாகுலம்மாள்


சோபனபுரம், துறையூர் வழி
14-2-81

அன்புள்ள அம்மாவுக்கு, ரோசரி வணங்கி எழுதுவது.

அது நான்தான் அம்மா. பிரேக் இல்லை என்றது விளையாட்டுக்கு. ஜெகபர் மாமாவைக் கண்டதும் குஷியாகிவிட்டது. முள் குத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

புளி உலுக்கும் காலம் வந்தால் மலைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதில்லை. நான் போய்க் கூப்பிட்டால் பாதிப் பேராவது வருகிறார்கள். மேலே பஸ் இல்லை. இங்கே தபால்காரர் புது வண்டி வாங்கியதால் அவருடைய பழைய வண்டி எனக்குக் கிடைத்தது. மண் அடைக்கிறது என்று மட்கார்டைக் கழற்றிவிட்டேன். சேலையோடு அதில் ஏற முடியாது, அதனால்தான் பேண்ட். ஊரில் முதலில் சிரித்தார்கள், இப்போது "டீச்சர் வண்டி வருது, ஆட்டைப் பிடி" என்கிறார்கள்.

வேலைக்காகத்தான் அம்மா. கவலைப்படாதீர்கள். மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள் ரோசரி


சேசு மரி சூசை

பாலக்கரை
8-3-81

அன்பு மகளுக்கு,

வேலைக்குப் போகிற பிள்ளையைத் தடுக்கக் கூடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் இருந்தேன். தவசுக்காலம் தொடங்கியதும் தினமும் உனக்காகச் சிலுவைப்பாதை செய்கிறேன்.

ஆனால் ஜெகபர் அலி மறுபடி மலைக்குப் போய்வந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் உன்னைப் பார்த்தாராம். அந்த ஊர் ஆட்கள் சொல்கிறார்களாம், டீச்சர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும், யார் வீட்டுக்கும் போகாது, திரும்பி ஓட்டிக்கொண்டு இறங்கிவிடும் என்று.

ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடம் ரோசரி? எந்தப் பிள்ளையைக் கூப்பிடப் போகிறாய்? நான் நாலாவது வரைக்கும்தான் படித்தவள். அதற்காக என்ன சொன்னாலும் தலையாட்டுவேன் என்று நினைத்துவிட்டாயா?

அந்தக் காட்டில் கரடி இருக்கிறதாமே. நீ விழுந்து கிடந்தால் யார் வந்து தூக்குவார்கள்? நிஜத்தை எழுது.

அம்மா


சோபனபுரம்
15-3-81

அன்புள்ள அம்மா,

நிஜத்தை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூப்பிடப் போவதில்லை. ஆசைக்குத்தான் போகிறேன்.

பூசை முடிந்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுவேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்கும். மேலே ஒரு சுனை இருக்கிறது, அதில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன். இறங்கும்போது சீட்டில் உட்கார முடியாது. பெடலில் எழுந்து நின்றுகொண்டு பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். எங்கே கல், எங்கே வேர், எங்கே சரளை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு எந்த நினைப்பும் உள்ளே வராது.

அடிவாரத்து ஓடைக்கு வந்து சேரும்வரை அண்ணன் செத்துப்போனது எனக்கு ஞாபகம் இருக்காது அம்மா. அதற்காகத்தான் போகிறேன்.

நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் அண்ணன் தட்டையும் எடுத்து வைத்துச் சோறு போடுகிறீர்கள். நான் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த ஓர் இறக்கத்தை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் ரோசரி


சேசு மரி சூசை

பாலக்கரை
22-3-81

ரோசரிக்கு,

கூடப் பிறந்தவனை மறக்க ஒரு சைக்கிளா? அவன் உன்னை முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டானே, அதை மறக்கவா? நான் அடுப்பு ஊதும்போதும் அவனை நினைக்கிறேன், தெருக்குழாயில் நிற்கும்போதும் நினைக்கிறேன். நானும் விட்டுவிட்டால் அவனுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்?

உன் கடிதத்தைப் படித்த அன்றே கோயில் வாசல் கெபிக்குப் போனேன். அந்தோணியார் முன்னால் முழங்காலில் நின்று, "என் மகளுக்கு ஒரு கீறல் விழாமல் காப்பாற்று, உன் திருநாளைக்கு அவள் சைக்கிளை உனக்கே கொண்டுவந்து விடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். திருநாள் சாயங்காலம் நேர்ச்சைப் பொருளை ஏலம் விடுவார்கள். ஆட்டோடும் கோழியோடும் அதுவும் போகட்டும்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் அது அவர் பொருள். ஜூன் பதின்மூன்றுக்கு வண்டியோடு வந்துவிடு.

அம்மா


சோபனபுரம்
5-4-81

அம்மாவுக்கு,

என் வண்டியை என்னைக் கேட்காமல் எப்படி நேர்ந்துகொண்டீர்கள்? உங்கள் கம்மலை நேர்ந்திருந்தால் அது உங்கள் இஷ்டம்.

நான் அண்ணனை மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

வண்டியைக் கொண்டுவர மாட்டேன். பாஸ்குத் திருநாளுக்கும் வரவில்லை. வந்தால் சண்டை போடுவேன், அது எனக்குப் பிடிக்கவில்லை.

ரோசரி


சேசு மரி சூசை

பாலக்கரை
10-5-81

அன்பு மகள் ரோசரிக்கு,

பாஸ்குவுக்கு எழுதினேன், பதில் இல்லை. அதற்கு அப்புறமும் எழுதினேன். தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

நீ கோபமாக இரு. பேச வேண்டாம். ஆனால் இதைக் கேள். ஜெகபர் அலி உன்னைத் துறையூர்ச் சந்தையில் பார்த்தாராம். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தாயாம். "சும்மா சிராய்ப்புதான் மாமா" என்றாயாம். எனக்கு அன்றையிலிருந்து தூக்கம் போய்விட்டது.

கீறல் விழாமல் காப்பாற்று என்றுதானே நேர்ந்தேன். கீறல் விழுந்துவிட்டதே. பொருள் வராது என்று அந்தோணியாருக்குத் தெரிந்துவிட்டதா? கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுக்காமல் விட்டால் பதிலுக்கு எதைக் கேட்பார்? உன்னைக் காப்பாற்றப் போய் நானே உன்னை அடகு வைத்துவிட்டேனோ? வண்டியைப் பிடுங்கிக் கொடுத்தால் கோபத்தில் என் மகள் எனக்கு இல்லை. கொடுக்காவிட்டாலும் இல்லை என்று ஆகிவிடுமோ?

கை எப்படி இருக்கிறது என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடு. வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

அம்மா


சேசு மரி சூசை

பாலக்கரை
14-6-81

அன்பு மகள் ரோசரிக்கு அம்மா எழுதுவது.

கை ஆறிவிட்டது என்று நீ போட்ட கார்டு கிடைத்தது. ஒரு வரிதான் கேட்டேன், ஒரு வரிதான் எழுதியிருந்தாய். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

திருநாளுக்கு முந்தி பயம் தாங்காமல் பங்குச் சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். "ஏம்மா வியாகுலம், அந்தோணியார் காணாமப் போன பொருளைத் தேடிக் கொடுக்கிறவரு. ஒருத்தி ஓட்டிக்கிட்டிருக்கிற சைக்கிளைப் பிடுங்குறவரா? அடுத்தவ பொருளை நேர்ந்தா அது நேர்ச்சையே இல்ல. உன்னால முடிஞ்சது எதாவது செய்" என்றார்.

"நடந்து போறேன் சாமி" என்றேன்.

"வேளாங்கண்ணிக்கா? இந்தக் காலை வச்சுக்கிட்டா?"

"இல்லைங்க சாமி. கொள்ளிடக் கரைக்கு" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

உனக்குத் தெரியும், அவன் விழுந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. நேற்றுத் திருநாள் பூசை முடிந்ததும் காலுக்காக ஸ்ரீரங்கம் வரைக்கும் பஸ்ஸில் போய், மேலூர்ப் பக்கம் கேட்டுக் கேட்டு நடந்தேன். வாழைத் தோப்பு முடிந்ததும் கரை மேலே ஏறினேன். இத்தனை நாளும் அது இருட்டான இடம், பாம்பும் புதரும் மண்டிக் கிடக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை ரோசரி. கரை மேல் மரநிழல். ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து முக்கொம்புப் பக்கம் போகிறது. ஆற்றில் மணல்தான், நடுவில் வாய்க்கால் மாதிரித் தண்ணீர். காற்று அப்படி வீசுகிறது. பாதை நெடுக சைக்கிள் தடம்.

அங்கே ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். முஜிபுர் ரஹ்மான் என்று பெயர், தோப்பிலிருந்து வாழையிலைக் கட்டு ஏற்றிப் போகிறவர். வெள்ளத்தில் ஒரு பையன் விழுந்த இடம் எது என்று கேட்டேன். "அந்தா, அந்த வளைவுதாம்மா. நீங்க அந்தப் பையனுக்கு என்ன வேணும்?" என்றார்.

"அம்மா" என்றேன்.

பீடியைக் கீழே போட்டுவிட்டார். அந்த வளைவு வரைக்கும் கூடவே வந்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். நான் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன், காற்று நிற்கவிடவில்லை. ஜெபமாலை சொன்னேன். திரும்பும்போது கால் மறுபடி வீங்கிப்போய் நடக்க முடியவில்லை.

"ஏறுங்கம்மா, பஸ்ஸுக்கு விட்டுடறேன்" என்கிறார். நான் மாட்டேன் என்றேன். "அப்ப நான் உங்களைத் தூக்கிட்டா போவ முடியும்? என் முதுகுக்கு எலையே ஜாஸ்தி" என்றார். வேறு வழியில்லாமல் காலியாக இருந்த கேரியரில் உட்கார்ந்தேன்.

கரையிலிருந்து தோப்புக்கு இறங்குகிற சரிவு இருக்கிறதே, அங்கே வண்டி தடதடவென்று ஓடியது. முந்தானை பறந்து முகத்தில் அடித்தது. நான் அந்த மனுஷர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துகிறேன். "ஆடாம உக்காருங்கம்மா! எலைக்கட்டு என்னைக்காவது கத்துச்சா?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது ரோசரி. வாய்விட்டுச் சிரித்தேன்.

கீழே தோப்பில் வந்து வண்டி நின்றது. அப்புறம்தான், நான் எங்கே வந்தேன், எதற்கு வந்தேன் என்பது ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சரிவு முழுக்க என் பிள்ளை என் நெஞ்சில் இல்லை. அவன் விழுந்த கரையிலேயே இருந்துகொண்டு, பெற்றவள் நான், சிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு வாழையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மனுஷர் பயந்துபோய், "அடி பட்டுடுச்சாம்மா, எங்கே பட்டுச்சு?" என்று சுற்றிச் சுற்றி வருகிறார்.

வண்டி உன்னுடையது. நான் உன்னிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் பயம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் இப்போது தள்ளிக்கொண்டு ஏறுவாள், இப்போது இறங்குவாள் என்று இங்கே நானும் கூடவே ஏறி இறங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். எனக்காவது பக்கத்தில் ஒரு மனுஷர் இருந்தார். நீ அந்த ஓடைக்கு வந்து நின்றதும் அண்ணன் ஞாபகம் உனக்கும் திரும்ப வருமே, தனியாகத்தானே நிற்பாய். அப்போது நீ என்ன செய்வாய் தங்கம்? அதை எனக்கு எழுது.

உன் அம்மா
வியாகுலம்மாள்