ஜன்னலோரத்தில் ஒரு கைக்குட்டை

இன்று காலை தாம்பரத்தில் கடற்கரை வண்டி வந்து நின்றதும், பக்கத்தில் நின்ற பெண் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசி இடம் பிடிக்கப் பார்த்தாள். அது குறி தவறிக் கீழே விழுந்தது. உனக்கு ஒருநாளும் தவறியதில்லை. எனக்குப் பாதி நாள் தவறும். பதினைந்து வருடச் சிநேகிதிமேல் பொறாமைப்பட இது போதுமா என்று கேட்காதே. எனக்குப் போதும்.

நாம் பழகத் தொடங்கியது மீட்டர் கேஜ் வண்டி ஓடிய கடைசிக் காலத்தில். நீ இரும்புலியூரிலிருந்து வருவாய், நான் ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து. ஜன்னலோரம் எப்போதும் உனக்குத்தான். மார்பில் கட்டி என்று எட்டு மாதம் நீ வராமல் போனபோது அழுதேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் அழுதேன்.

திரும்பி வந்தாய். மொட்டையடித்ததுபோல் இருந்த தலையில் சுருட்டை சுருட்டையாய்ப் புது முடி. சாயந்திர வண்டியில் கீரை ஆய்ந்துகொண்டே, "குளிக்கிறப்ப சோப்புக் கையோட ஒரு தடவை தடவிப் பாருங்கடி. சின்னதா இருக்கிறப்பவே போனேன், அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்" என்று பெட்டிக்கே கேட்கும்படி சொன்னாய். எல்லோரும் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்கள். இதற்குமா இவளைச் சுற்றிக் கூட்டம் என்று எனக்கு எரிந்தது.

மறுநாள் குளிக்கும்போது தடவிப் பார்த்தேன். நீ சொன்னது வீண் அலட்டல் என்று காட்டத்தான். இடது பக்கம் பட்டாணி அளவில் ஒன்று இருந்தது.

சொன்னால் நீ சொன்னதுதான் சரி என்றாகிவிடும். இதிலும் உன் பின்னால் வருகிறவள் ஆகிவிடுவேன். உயிரைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

நீதான் கண்டுபிடித்தாய். "பை ஏன் தோள் மாறிடுச்சு?" என்றாய். இடது தோளில் மாட்டும் கைப்பையை வலது தோளுக்கு மாற்றியிருந்தது எனக்கே தெரியாது.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்குடி அழற?"

அடுத்த ஸ்டேஷனிலேயே என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாய். இரண்டு பேர் ஆபீசுக்கும் லீவு. பரிசோதனையெல்லாம் முடிந்து, "நல்லவேளை, சீக்கிரம் வந்துட்டீங்க" என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டியது நீதான், ஏதோ உன்னைப் பாராட்டியதுபோல.

ஆபரேஷன், கீமோ, கரன்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்து நான் வண்டிக்கு வந்த அன்று, ஜன்னலோரத்தில் உன் கைக்குட்டை கிடந்தது. பக்கத்தில் நீ நின்றுகொண்டிருந்தாய். "உக்காரு, உனக்குத்தான்" என்றாய். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டாய். என் முடியும் முளைத்தது, பழையபடி கோரை முடியாகவே.

போன மாதம் தூக்கத்திலேயே போய்விட்டாய். மாரடைப்பு. பழைய நோய் கடைசிவரை உன் பக்கம் திரும்பவில்லை. கொடுத்துவைத்த சாவு என்றார்கள். உன் தலைமாட்டில் நின்றபோதும் எனக்கு வயிறு எரிந்தது.

மாதம் ஒரு நாள் சோப்புக் கையோடு தடவிப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக ஏறும் பெண்களிடம் நீ சொன்னதையே சொல்கிறேன். உனக்குச் சிரித்த மாதிரி எனக்கு யாரும் சிரிப்பதில்லை.

இன்று என் கைக்குட்டை குறி தவறாமல் ஜன்னலோரத்தில் விழுந்தது. ஏறி அதன் பக்கத்தில் நின்றேன். "யாருக்குக்கா இடம்?" என்று கேட்டாள் கைக்குட்டை குறி தவறிய அந்தப் பெண். "வருவா" என்றேன். பல்லாவரம் வரை நின்றுகொண்டே போய், அப்புறம்தான் உட்கார்ந்தேன்.