அழுத்தம் குறையக் கூடாது

பனிச்சுனை நீரேற்று நிலையம், செவ்வாய்
பணியில்: இசக்கிராஜ், தனியாள்

நாள் 1, காலை 7:10

ஒன்றாம் பம்பு சரி. இரண்டாம் பம்பு முனகுகிறது, அது எப்போதும் முனகும். பனியை உருக்கி வடிகட்டி, பதினோரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கரைக் குடியிருப்புக்குக் குழாயில் அனுப்பினேன். அங்கே முந்நூறு வீடு. காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் என்பது கமிட்டியின் சட்டம். அதற்குள் வீட்டுக்கு வீடு திருட்டு மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். பூமியை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் இந்தப் புத்தி மட்டும் கப்பலில் கூடவே ஏறி வந்துவிட்டது. மூன்றாம் வரிசைக்காரர்கள் உறிஞ்சினால் நாலாம் வரிசைக்குக் காற்றுதான் வரும். என் வீடு நாலாம் வரிசை. தண்ணீர் அனுப்புகிறவன் வீட்டிலேயே மோட்டாரா என்று என் மனைவி பேச்சிக்கனி வாங்க மறுத்துவிட்டாள்.

நாள் 2, மதியம் 1:40

சூடேற்றும் திரவத் தொட்டியில் அளவு இறங்குகிறது. தண்ணீர்க் குழாய் உறையாமல் இருக்க, அதை ஒட்டி அதே பள்ளத்தில் இந்தத் திரவம் தனிக் குழாயில் ஓடுகிறது. எங்கோ கசிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தண்ணீர்க் குழாயின் இணைப்புகளும் பழசு. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர்தான் வெளியே கசியும், வெளியே இருப்பது உள்ளே வராது. அழுத்தம் போனால் மோட்டார்கள் அந்தத் திரவத்தையும் சேர்த்து உறிஞ்சும். அது விஷம், சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொல்லும்.

கமிட்டிக்குச் சொன்னேன். புயல் அடங்கியதும் ஆள் அனுப்புகிறார்களாம். புயல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

நாள் 3, காலை 6:25

இரண்டாம் பம்பு செத்துவிட்டது. கடைசி வரிசைகளில் அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே. கமிட்டி அறையில் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் குருவம்மாள் அக்காவை ரேடியோவில் பிடித்தேன். விஷம் கலக்கிறது, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள், குடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அறிவித்தார்.

6:40

குருவம்மாள்: "தம்பி, சொல்லாமலே இருந்திருக்கலாம். தண்ணி நிக்கப் போகுதுன்னு நெனச்சு ஒருத்தர் பாக்கியில்லாம மோட்டாரப் போட்டுட்டாவ. வெஷம்னா சிரிக்காவ. போன வருசம் தண்ணி கெட்டுப்போச்சுன்னு சொல்லித்தானே கமிட்டி டின்னுல அடைச்சு மூணு மடங்கு வெலைக்கு வித்துச்சு? மறந்துட்டேளா?"

மறக்கவில்லை. பாழாய்ப்போன கமிட்டி. அன்றைக்கு அடித்த கொள்ளையால் இன்றைக்கு உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆளில்லை.

7:05

குருவம்மாள்: "மூணாம் வரிசையில தண்ணி இனிக்குன்னு சொல்லுதாவ. பிள்ளைங்க இன்னும் வேணும் இன்னும் வேணும்னு கேக்குதாம்."

ஐயோ. அந்தத் திரவம் இனிக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கும் மாற்று மருந்து பத்துப் பேருக்குக்கூடக் காணாது.

7:30

வால்வை மூட முடியாது. மூடினால் குழாய் காலியாகி மோட்டார்கள் பள்ளத்தில் இருப்பதை முழுசாக உறிஞ்சும். அழுத்தத்தை ஏற்ற வேண்டும், அவர்களாகவே மோட்டாரை நிறுத்தும் அளவுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அக்காவிடம் வேறு அறிவிப்பு சொன்னேன். இன்று நாள் முழுக்கத் தண்ணீர், காசு கிடையாது, எட்டு மணிக்குப் புதுத் தண்ணீர் வரும். விஷத்தை நம்பாதவர்கள்கூடப் புதுத் தண்ணீர் என்றால் பழசைக் கொட்டி, குடத்தை விளக்கிவிட்டுத்தான் பிடிப்பார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நம்பியிருக்கிறேன். குழாயில் வரத் தொடங்கியதும் முதல் அரை மணி நேரம் மட்டும் யாரும் பிடிக்கக் கூடாது என்றும் சொல்லச் சொன்னேன். குழாயில் தங்கிய விஷமெல்லாம் அதில்தான் வரும்.

குருவம்மாள்: "கமிட்டியக் கேக்காமலா? ரெண்டு பேர் வேலையும் போயிரும். சரி, போனாப் போகுது. அறிவிச்சுட்டுத் தெருத்தெருவாப் போயும் சொல்லுதேன். ஒங்க வீட்டுலயும் சொல்லிருதேன்."

7:50

ஒற்றைப் பம்பை இந்த வேகத்தில் ஓட்ட மின்சாரம் போதவில்லை. நிலையத்தின் ஹீட்டரை அணைத்தேன். அதுவும் போதாமல் ரேடியோவின் அனுப்பும் பகுதியையும் அணைத்தேன். இனி அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அங்கே கேட்காது. இந்தக் குளிரில் பம்பு ஒரு நொடி நின்றாலும் மறுபடி கிளம்பாது.

10:15

ஏறுகிறது. அழுத்தம் ஏறுகிறது! ஓசி என்றதும் முதலில் இன்னும் வேகமாக உறிஞ்சினார்கள், மகராசன்கள். டிரம், குடம், குண்டான் எல்லாம் நிறைந்த பிறகு ஒவ்வொரு மோட்டாராக நிற்கிறது. கழிவுநீர் மீட்டரும் எகிறுகிறது. பழசைக் கொட்டுகிறார்கள். கொட்டுங்கள் சாமி, நன்றாகக் கொட்டுங்கள். அழுதுவிட்டேன். விரல்கள் மரத்துவிட்டன, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

11:50

ரேடியோவில் பேச்சிக்கனி.

"என்னங்க, கேக்குதா? குருவம்மாக்கா தெருவுல நிக்காவ, ரூம்புல ஒருத்தரும் இல்ல. நானே பட்டன அமுக்கிட்டுப் பேசுதேன். பத்து மணி வாக்குல நம்ம குழாயில மோட்டார் இல்லாமலே தண்ணி கொட்டுச்சுங்க! இங்க வந்து இத்தன வருசத்துல இப்பத்தான் பாக்கேன். மொதக் குடம் நான்தான் பிடிச்சேன். வெஷம்னு அக்காவயும் சொல்ல வச்சுட்டான் கமிட்டிக்காரன். எம் புருசன் அனுப்புன தண்ணி வெஷமாகுமா? எல்லாரும் கொட்டிட்டாவ, நான் கொட்டல. நாக்குல வச்சுப் பாத்தேன், அம்புட்டு இனிப்பு. நம்ம மவ முத்தரசிக்குன்னு மூடி வச்சிருக்கேன். பன்னெண்டரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருவால்லா, வந்ததும் குடுப்பேன். நீங்க ஏன் பேச மாட்டேங்கிய? சரி, வேலையப் பாருங்க."

12:10

அனுப்பும் பகுதியின் சுவிட்ச் கைக்கு எட்டும். போட்டால் பம்பு நிற்கும். இப்போது எல்லா வீட்டிலும் குழாய் திறந்திருக்கிறது. நின்றால் மோட்டார்கள் மறுபடி விஷத்தை இழுக்கும், அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அதைக் குடிப்பார்கள். போட்டாலும் அந்த அறையில் கேட்க யார் இருக்கிறார்கள்? அக்கா, ஒரே ஒருமுறை என் வீட்டை எட்டிப் பாருங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

12:24

செத்த மைக்கில் கத்திக்கொண்டிருக்கிறேன். பேச்சி, கொட்டிரு. அந்தக் குடத்தைக் கொட்டிரு. சுவிட்சில் கை வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன்

12:29

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. நாலாம் வரிசை, கடைசி வீடு. முத்தரசி, ஆறு வயது. எப்படி இருக்கிறாள் என்று போய்ப் பாருங்கள்

12:30

பம்பு ஓடுகிறது. முந்நூறு வீட்டுக்கும் அழுத்தம் சரியாக இருக்கிறது. பள்ளிக்கூட மணி அடித்திருக்கும்.