ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது

காரிமங்கலம்
6.3.2025

என் மனைவி சில்வியாவுக்கு,

மேலே சேசு மரி சூசை துணை என்று எழுதத்தான் கை போனது. அந்த மூவரையும் நம் விஷயத்தில் இழுக்க மனம் வரவில்லை.

நான் நலம். உன் நலத்தை விசாரிக்கும்படி ஃபாதர் சவுரியப்பன் சொல்லியிருக்கிறார். விசாரித்துவிட்டேன்.

நேற்று நெற்றியில் சாம்பல் பூசிய கையோடு நம் இரண்டு போன்களையும் வாங்கிக் கோயில் பீரோவில் பூட்டிய ஃபாதர், நீ பஸ்ஸுக்குப் போன பிறகு என்னைத் தனியாக நிறுத்தி நிபந்தனைகளை மறுபடியும் சொன்னார். தவக்காலம் நாற்பது நாளும் இருவரும் போன் விளையாட்டைத் தொடக் கூடாது. கையில் பட்டன் போன் மட்டும். அதிலும் ஒருவரோடொருவர் பேசக் கூடாது, பேசினால் கத்துகிறோம். அதற்குப் பதில் கடிதம். கடிதத்தில், ஏன் விளையாடுகிறோம் என்பதற்கு ஒரு காரணமாவது இருக்க வேண்டும். மூன்று மாதமாக உன் அம்மா வீட்டில் இருக்கும் நீ, என்னோடு திரும்பி வருகிறாயா இல்லையா என்று ஈஸ்டர் பூசை முடிந்ததும் கேட்பார். நீ சொல்வதே முடிவு. எழுதினால் யோசிக்க நேரம் கிடைக்கும் என்பது அவர் எண்ணம். நன்றாக யோசித்தும் சண்டை போடலாம் என்பது கல்யாணம் ஆகாதவருக்குத் தெரிய நியாயமில்லை.

இனி என் காரணம். நான் விளையாடுவது நீ விளையாடுவதால். ஆறு வருடக் கல்யாணத்தில் கடைசி இரண்டு வருடம், டிராக்டர் ஷோரூமிலிருந்து வந்து நான் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் நீ போனில் ஒரு மாளிகைக்குத் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருப்பாய். நம் வீட்டு ஜன்னலில் பழைய துண்டுதான் தொங்கியது. கூப்பிட்டால், "இருங்க, தோட்டத்துல ரோஜா பூக்கப் போவுது" என்பாய். அது பூத்து முடிக்கும்வரை நானும் யாரையாவது சுட வேண்டாமா?

ஒரு காரணம் கேட்டார்கள். ஒன்று எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் கணவன்
ஃபிராங்க்ளின்


கம்பைநல்லூர்
11.3.2025

ஃபிராங்க்ளின் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. "புருசன் பொண்டாட்டி லெட்டரு போட்டுக்கறத இப்பத்தாம்மா பாக்கறேன்" என்று தபால்காரர் சந்தோஷப்பட்டார். உள்ளே இருப்பதைச் சொல்லி அவர் மனதைக் கெடுக்கவில்லை.

உங்கள் காரணத்தை டிசம்பர் பன்னிரண்டாம் தேதியோடு பொருத்திப் பார்த்தேன். பொருந்தவில்லை. அன்று காலை பத்து மணிக்குத் தர்மபுரியில் டாக்டரம்மா உங்களைப் பரிசோதிக்க நேரம் கொடுத்திருந்தார். "நீ முன்னாடி போ, பின்னாலயே வரேன்" என்றீர்கள். பதினேழாம் எண் டோக்கனை வைத்துக்கொண்டு, எந்த ரோஜாவையும் வளர்க்காமல், நான் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஷோரூமுக்கு லீவு போட்டுவிட்டு மாடி அறையில் போட்டி ஆடிக்கொண்டிருந்ததை இரண்டு மணிக்கு அத்தைதான் போனில் சொன்னார்: "அவன் மேல கன்னடத்துல யாரையோ சுடச் சொல்லிட்டிருக்கான்மா." பதினேழாம் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை கூப்பிட்ட நர்ஸ், "வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்டபோது குரலில் இரக்கம் வந்துவிட்டது. அந்தக் குரலைக் கேட்ட பிறகு காரிமங்கலம் பஸ்ஸில் ஏற முடியவில்லை. கம்பைநல்லூர் பஸ் வந்தது. ஏறினேன்.

ஆண்கள் ஜெயிப்பதற்காக விளையாடுகிறார்கள், பெண்கள் மறப்பதற்காக விளையாடுகிறார்கள் என்று ஃபாதர் சாம்பல் புதன் பிரசங்கத்தில் சொன்னார். ஏதோ மனநலப் பயிற்சி முகாமில் கேட்டாராம். உங்கள் விஷயத்தில் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஷோரூமில் மேனேஜர் சந்திரமோகன், "ஏம்ப்பா ஃபிராங்கு, நாலு டீ சொல்லு" என்பார். வீட்டில் உங்கள் அப்பா உங்களுக்குத் தானே வைத்த பெயரை மறந்து "இவன்" என்பார். போனில் மட்டும் ஹாசனிலிருந்து இருவரும் கோலாரிலிருந்து ஒருவரும், "கமாண்டர் சார், ஈக ஏன் மாடோணா?" என்று, இப்போது என்ன செய்வதென உத்தரவு கேட்பார்கள். என்னோடு தமிழில் நான்கு வார்த்தை பேச முடியாதவர் அவர்களுக்காகக் கன்னடம் கற்றுக்கொண்டீர்கள். எல்லாம் புரிகிறது. ஒரு நாளைக்கு நாற்பது பேரைச் சுடுகிறவருக்கு ஒரு கிளினிக்கின் மூன்று படியை ஏற என்ன கஷ்டம் என்பதுதான் புரியவில்லை.

'இப்படிக்கு' என்பதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாததால் பெயர் மட்டும்.

சில்வியா


காரிமங்கலம்
18.3.2025

சில்வியா எம்.ஏ., பி.எட். அவர்களுக்கு,

உன் கடிதத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை. கோபத்தையும் நகல் எடுத்து அனுப்புகிறவளோடு ஆறு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். ஃபாதர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

டிசம்பர் பன்னிரண்டு அரை இறுதி. நான் போகாவிட்டால் மூன்று பேர் வெளியேற வேண்டும். டாக்டரம்மா மறுநாளும் இருப்பார், அரை இறுதி இருக்காது. அவ்வளவுதான்.

வேறு ஒரு நல்ல செய்தி. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை எண்ணிப் பார். நாற்பத்தாறு வரும். திருச்சபை நாற்பது என்கிறது. மிச்சம் ஆறும் ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு இல்லை, கணக்கில் வராது. இதை ஃபாதரிடம் எடுத்துச் சொன்னேன். குருமடத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுதான் என்பதால் மறுக்க முடியவில்லை. பீரோவைத் திறந்தார். ஞாயிறு பூசை முடிந்ததிலிருந்து மாலை ஆறுவரை, கோயில் வளாகத்துக்குள், மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில். போன ஞாயிறு ஏழு ஆட்டம், ஐந்து வெற்றி.

உன் தங்கை அருள்ராணி தினமும் தன் போனில் உன் பெயரில் நுழைந்து உன் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதாகக் கேள்வி. ஆள் வைத்து நோன்பை மீறுவதைவிட நான் செய்வது நேர்மையானது.

ஃபிராங்க்ளின்


கம்பைநல்லூர்
24.3.2025

ஃபிராங்க்ளின் அவர்களுக்கு,

அருள்ராணி தண்ணீர் விடுவது உண்மை. நான் சொல்லித்தான் விடுகிறாள்.

உங்களுக்கு ஆறு ஞாயிறு இருப்பதை என் அம்மாவும் எண்ணி வைத்திருந்தார். "மாப்ளைக்கு ஞாயித்துக்கெழமை லீவுதானே, வருவாரு" என்று இரண்டு வாரம் கோழி எடுத்தார். இரண்டு வாரமும் நானும் அருள்ராணியும் சாப்பிட்டோம். நீங்கள் மாதா சன்னிதியில் இருந்த விவரம் இப்போதுதான் தெரிகிறது.

என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். தண்ணீர் குடித்து முடித்ததும் அவர்கள் கண் என் வயிற்றுக்கு வரும். பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள்தான் தொடங்குவார்: "ஏம்மா, இன்னும் ஒண்ணும் விசேசம் இல்லியா?" முதல் முறை பதில் சொன்னேன். இரண்டாம் முறை சிரித்து வைத்தேன். மூன்றாம் முறை போனை எடுத்துக் குனிந்துகொண்டேன். அதிசயமாக இருந்தது. குனிந்து போன் பார்க்கிறவளை யாரும் கேள்வி கேட்பதில்லை. "லூர்து மேரி, ஒம் மருமவ எந்நேரமும் போனும் கையுமா இருக்காளே" என்று அத்தையிடம் புகார் சொல்வதோடு சரி. மலடி என்பதைவிட அது கௌரவமான பட்டம். கதவு இல்லாத கூடத்தில் எனக்கு அதுதான் கதவு. அப்படித்தான் திரைச்சீலை மாட்டத் தொடங்கினேன். பிறகு யாரும் வராத நேரத்திலும் மாட்டினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூட இன்றைக்குக் கை போனைத் தேடுகிறது. அது நோய்தான் என்றால் ஒப்புக்கொள்கிறேன்.

வரும் ஞாயிறு நானும் கோயிலுக்கு வருகிறேன். எனக்கும் கணக்கில் வராது அல்லவா?

சில்வியா


காரிமங்கலம்
1.4.2025

சில்வியாவுக்கு,

உன் காரணத்தைப் படித்தேன். குள்ளம்மாளை இனி வர வேண்டாம் என்று சொல்லும்படி அம்மாவிடம் சொன்னேன். "அவளும் வரலன்னா எங்கிட்ட யாருடா பேசுவா, நீயா?" என்றார்.

ஞாயிறு அன்று உன்னைப் பார்த்தேன். பூசை முடிந்து ஃபாதரிடம் போனை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நம் வீட்டில் நான் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. இதைக் குற்றச்சாட்டாகவே எழுதுகிறேன்.

உடனே எழுந்து வந்திருப்பேன். நடு ஆட்டம். மூன்று பேர் என்னை நம்பி ஒரு கிடங்குக்குள் நின்றார்கள். முடிந்து நிமிர்ந்தபோது நீ இல்லை. கம்பைநல்லூரிலிருந்து வர முடிந்தவளுக்கு மரத்தடியிலிருந்து பெஞ்சுவரை வர முடியவில்லை.

அந்த ஆட்டத்தில் ஜெயித்தோம்.

ஃபிராங்க்ளின்


கம்பைநல்லூர்
5.4.2025

ஃபிராங்க்ளின் அவர்களுக்கு,

வந்தேன். நீங்கள் ஜெயித்த ஆட்டத்தைப் பெஞ்சுக்குப் பின்னால் நின்று நானும் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். "ஒளகே பா, ஒளகே பா" என்று யாரையோ பதறிப் பதறி உள்ளே கூப்பிட்டீர்கள். அப்படி ஒருவர் என்னைக் கூப்பிட்டிருந்தால் எங்கேயும் போயிருக்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜெயித்ததும், "என்னங்க" என்றேன். உங்கள் காதில் இயர்போன். அடுத்த ஆட்டத்தைத் தொட்டீர்கள். நீங்கள் எத்தனையாவது ஆட்டத்துக்குப் பிறகு நிமிர்ந்தீர்களோ தெரியாது, எனக்குப் பன்னிரண்டு மணிக்குப் பஸ்.

நான் சிரித்தது, அருள்ராணி என் மாளிகையின் வரவேற்பறையில் நீச்சல் குளம் கட்டிவைத்திருந்ததைப் பார்த்து.

அன்று ஒரு பையில் என் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்திருந்தேன். போன நவம்பரில் டாக்டரம்மா எனக்கு எல்லாச் சோதனையும் செய்து, "உங்ககிட்ட ஒரு குறையும் இல்லம்மா. அடுத்து அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். உங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குள்ளம்மாள் அன்று சாயங்காலமே என் வயிற்றை விட்டுவிட்டு மாடியைப் பார்த்திருப்பார். உங்கள் அப்பா "இவன்" என்பதற்கும் கீழே ஒரு வார்த்தை தேடியிருப்பார். நீங்களும் ஒருநாள் வந்து சோதித்துக்கொண்ட பிறகு இருவருக்கும் சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன். நவம்பர்வரை எனக்காகக் குனிந்தேன். அதற்குப் பிறகு உங்களுக்காக.

இன்னும் நீங்கள் ஒரு காரணம்கூட எழுதவில்லை. ஷோரூம், அரை இறுதி, நான் — இவை மூன்றும் இல்லாத ஒன்றை எழுதுங்கள்.

சில்வியா


காரிமங்கலம்
16.4.2025

சில்வியா,

பத்து நாளாக எழுதிக் கிழித்தேன்.

பயம். அதுதான் காரணம். ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு முடிவு வரும். செத்துப்போனால் மறுபடி இறக்கிவிடுவார்கள். தோற்றாலும் அதை அப்பாவிடம் யாரும் காட்ட மாட்டார்கள். டாக்டரம்மா தரும் தாள் அப்படி இல்லை. ஃபாதர் சொன்னதுபோல் நான் ஜெயிக்க விளையாடவில்லை, சில்வியா. ஒரே ஒரு முடிவு வராமல் இருக்க வேறு ஆயிரம் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் ரிப்போர்ட்டை நான் நவம்பரிலேயே பார்த்துவிட்டேன். சார்ஜரைத் தேடி உன் புடவை அலமாரியைத் திறந்தேன், புடவைக்கு அடியில் இருந்தது. படித்துவிட்டு இருந்தபடியே வைத்தேன். அதனால்தான் டிசம்பரில் வரவில்லை.

குருத்து ஞாயிறன்று ஃபாதரிடம் போனைக் கேட்கவில்லை. நேற்று தனியாகத் தர்மபுரிக்குப் போனேன். நீ எழுதிய அதே நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். பரிசோதனைக்கு மாதிரி கொடுத்தேன். நான்கு மணிக்கு ரிப்போர்ட்டை ஒட்டிய கவரில் தந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிரிக்க முடியவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். நீ பிரித்துப் படி. எதுவாக இருந்தாலும் ஞாயிறு அன்று நீ சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். நீ சொன்னால் தாங்குவேன்.

உன்
ஃபிராங்க்ளின்


கம்பைநல்லூர்
17.4.2025, பெரிய வியாழன்

ஃபிராங்க்ளின்,

ஸ்பீடு போஸ்ட் இன்று வந்தது. கவரைப் பிரிக்கவில்லை.

தர்மபுரிக்குப் போனது நல்லது. தனியாகப் போனது அதைவிட நல்லது. இதைக் குத்தலாக எழுதவில்லை.

நவம்பரிலேயே தெரியும் என்ற வரியை மட்டும் நான்கு முறை படித்தேன். டிசம்பர் முதல் வாரம் உங்கள் சித்தி மகள் பூவிழிக்கு வளைகாப்பு நடந்தது. நான் வளையல் போட எழுந்தபோது குள்ளம்மாள், "நீ இரும்மா, புள்ள பெத்தவங்க மொதல்ல போடட்டும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். நீங்கள் வாசற்படியில் நின்றிருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள், பிறகு போனைப் பார்த்தீர்கள். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது என்று அன்று உங்களை மன்னித்தேன். டிசம்பர் பன்னிரண்டையும் அப்படித்தான் பாதி மன்னித்து வைத்திருந்தேன். இப்போது இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பயப்பட்டதற்காக யாரையும் விட்டுப் போக மாட்டேன். நானும் பயந்தவள்தான். ஆனால் உங்கள் பயத்தை நான் நாலு பேர் நடுவில் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தே நின்று பார்த்திருக்கிறீர்கள். அதற்கு விளையாட்டு எந்த வகையிலும் பொறுப்பில்லை. ஃபாதர் தப்பான பொருளைப் பூட்டிவிட்டார்.

இப்போதும் கவரை என்னிடம்தான் அனுப்பியிருக்கிறீர்கள்.

ஞாயிறு நான் வர மாட்டேன். என் பதிலை ஃபாதருக்குத் தனியாக எழுதிவிட்டேன். பீரோவில் இருக்கும் என் போனை அருள்ராணி வந்து வாங்கிக்கொள்வாள். அவளிடம் எதுவும் சொல்லி அனுப்ப வேண்டாம்.

நவம்பரில் என் தாளை அந்தக் கிளினிக் வராந்தாவில் நின்றபடி தனியாகப் படித்தேன். பயமாகத்தான் இருந்தது. படித்து முடித்தேன், பயம் போனது. கவரின் மேல் ஃபிராங்க்ளின், த/பெ யாகப்பன் என்று எழுதியிருக்கிறது. ஒட்டியது ஒட்டியபடியே இதனுடன் திருப்பி அனுப்புகிறேன்.

சில்வியா