கடைசித் தேதி

இன்று ஒத்தக்கடையில் ஆதார் நகல் எடுக்கப் போனேன். ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து வந்த தாள் கையில் சுட்டது. அந்தச் சூடான மை வாசனை மூக்கில் ஏறியதும் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை அது.

நீ இ-சேவைக் கடையில் மனு நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் பள்ளிக்கூட வேலையை விட்டு வீட்டிலிருந்தேன். “ஒரே கேள்விய தெனம் இருபது பேர் கேக்குறாங்கடி. வீடியோவாப் போட்டா என்ன?” என்று ஆரம்பித்தது நீதான். சாதிச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி என்று வருகிறவர்கள் கேட்டதையெல்லாம் நீ எழுதித் தருவாய், நான் பேசுவேன். எல்லாமே இரண்டு நிமிடத்துக்குள். “பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் பாப்பாங்க. நெட்டும் கொஞ்சந்தான் இருக்கும். மளமளன்னு சொல்லிரு” என்பாய்.

பார்ப்பவர்கள் கூடக் கூட எனக்கு ஆசை வந்தது. இசை சேர்த்தேன். என்னைப் பற்றியே ஒரு நிமிடம் பேசினேன். முக்கியமான விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளினேன்.

“அவங்க நம்ம மூஞ்சியப் பாக்க வரலடி. எந்தக் காயிதத்த எடுத்துட்டுப் போகணும்னு பாக்க வாராங்க” என்றாய்.

“சேனல் வளர வேணாமா?” என்றேன்.

அரசுக் கல்லூரி விண்ணப்பம் பற்றிய வீடியோவை உன்னிடம் காட்டாமலே போட்டேன். பன்னிரண்டு நிமிடம். கடைசித் தேதியைப் பதினோராவது நிமிடத்தில் சொல்லியிருந்தேன்.

அந்தத் தேதிக்கு மறுநாள், திருவாதவூரிலிருந்து ஒரு அம்மா மகளோடு உன் கடைக்கு வந்தார். நானும் அங்கிருந்தேன். தேதி முடிந்துவிட்டது என்று நீ சொன்னதை அவர் நம்பவில்லை. “வீடியோவப் பாத்துத்தான் எல்லாத்தையும் சேத்தோம். பாதியிலயே நெட்டு தீந்துபோச்சு. அதுவரைக்கும் தேதியச் சொல்லவே இல்லயே தாயி” என்றார். அந்தப் பெண் சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“கடைசி வரைக்கும் பாக்கணும்மா” என்றேன் நான்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அவர்கள் போன பிறகு, “இனி நீயே பாத்துக்க” என்று மட்டும் சொன்னாய்.

நீயாகப் பேசுவாய் என்று இருந்தேன். ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. வீட்டுக்கும் உன் கடைக்கும் நடந்தால் பத்து நிமிடம். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் நீ இல்லை. மருத்துவமனையில் இருந்ததுகூட எனக்குத் தெரியாது.

உன் பதினாறாம் நாளுக்கு அந்தத் திருவாதவூர்ப் பெண் வந்திருந்தாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாளாம். “இந்த வருசம் விண்ணப்பம் போடுற நாள் வந்ததும் அக்காதான் போன் பண்ணிக் கூப்ட்டு, பக்கத்துல உக்கார வச்சு எழுதிக் கொடுத்தாங்க” என்றாள். பிறகு தயங்கி, “உங்க வீடியோவெல்லாம் விடாமப் பாப்பாங்க. முன்ன மாதிரி அவ மளமளன்னு சொன்னா நல்லாருக்கும்னு சொல்லுவாங்க” என்றாள்.

நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அது தெரியாமல் நான் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தேன்.

திருவாதவூருக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஒரு வருசம் புள்ள ஜவுளிக்கடையில கால் கடுக்க நின்னுச்சு. இனி என்ன செய்ய? வா, உக்காரு” என்றார்.

இப்போது என் முதல் வாக்கியமே தேதிதான். வீடியோவைப் போடுவதற்கு முன் அந்த அம்மாவுக்கு அனுப்புகிறேன்; அவருக்குப் புரியாத இடத்தை மறுபடி பேசுகிறேன். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். “வேலை முடிஞ்சது அக்கா, நன்றி” என்று யாராவது கீழே எழுதினால், அது உனக்கு வந்ததென்றே படிக்கிறேன்.

நீ சொன்னதுதான் சரி என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாத இந்த வாயை வைத்துக்கொண்டுதான் தினமும் ஊருக்கெல்லாம் பேசுகிறேன்.