இரண்டு வீடும் ஒரே கட்டமும்

அண்ணா, அம்மா சொல்லச் சொல்ல இவோனெட்டி எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன். இனி வருவது அம்மாவின் வார்த்தைகள்.

என் செல்ல மகன் ஜெனிவால்டோவுக்கு, நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வேலை முகாமில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். நீ மூன்று வாரமாகத் தொலைபேசியை எடுக்கவில்லை, அதனால் உன் முகாம் பக்கம் பேருந்து ஓட்டுகிற நெல்சீனியோ கையில் இதைக் கொடுக்கிறேன். தீவு மூழ்கியபின் அணைக்காரர்கள் கொடுத்த இந்தக் குடியிருப்பு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. உன் அப்பா வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். தார்ச்சாலை வந்தது, ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்தது, உன் தங்கைக்குப் பள்ளியில் நூலகம்கூட வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆற்றுக்காரர்களான நாங்கள் லாரியில் வரும் ஐஸ் மீனை வாங்கித் தின்கிறோம்.

அணைக்காரர்கள் கணக்கெடுக்க வந்த நாள் நினைவிருக்கிறதா? “உங்க வீடு எதும்மா?” என்று கேட்டார்கள். மீன் விற்கவும் பிள்ளைகள் படிக்கவும் ஊரில் ஒரு வீடு, வலை போடவும் மரவள்ளி நடவும் ஆற்றுத் தீவில் ஒரு வீடு, நம் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தானே. அவர்கள் காகிதத்தில் ஒரே ஒரு கட்டம்தான். ஊர் வீட்டுக் கதவுக்கு அப்போதுதான் நீலம் அடித்திருந்தோம், நான் பெருமைக்கு அதைச் சொல்லிவிட்டேன். தீவு வீட்டை மீன்பிடிக் குடிசை என்று எழுதிக்கொண்டார்கள், அது வீட்டுக் கணக்கில் சேரவில்லை. உன் அப்பா இன்றும் என்னை “வாங்க, நீலக் கதவு மகாராணி” என்றுதான் கூப்பிடுகிறார். (இதை எழுதாதே என்றாள் அம்மா.)

இப்போது ஆற்றில் வாழ்ந்தவர்களுக்கு அணை தேக்கிய ஏரியின் கரையில் இடம் தருகிறார்கள், மறுபடியும் பெயர் எழுதுகிறார்கள். கூட்டத்தில் பக்கத்துத் தீவு ஒர்லாந்தினா எழுந்து, “டோராலிசி அங்கதான் கெடந்தா, அவ அடுப்புப் புகையப் பாத்துதான் நான் காப்பியே போடுவேன்” என்று எனக்காகச் சத்தம் போட்டாள். அந்த இளம் அதிகாரி சிரித்துக்கொண்டே, “புகைக்கு முத்திரை கிடையாதேம்மா, காகிதம் இருக்கா?” என்றார். இருக்கிறது, உன்னிடம். உன் தங்கை ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், நீதான் தீவில் பிறந்தாய். தீவின் பெயரும் எங்கள் பெயரும் சேர்ந்து இருப்பது உன் பிறப்புப் பத்திரத்தில் மட்டும்தான், அதை நீ வேலைக்காக எடுத்துப் போய்விட்டாய்.

எங்களை மூழ்கடித்தது போதாதென்று இன்னொரு அணை கட்டப் போகிறாயா என்று அப்பா கேட்டதை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசாமல் இருக்கிறாய். வேலை வேலைதான், உன்னை நான் குறை சொல்லமாட்டேன். அங்கேயும் ஆற்றங்கரைக்குக் காகிதத்தோடு கணக்கெடுக்க ஆட்கள் போவார்கள். அதற்கு முன்னால் நீ போய் அந்தக் கரைப் பெண்களிடம் சொல், இரண்டு வீட்டையும் சொல்லட்டும், கட்டம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதச் சொல்லட்டும்.

கன்னித் தாய் உன் கைகால்களைக் காப்பாற்றட்டும். கான்கிரீட் போடும்போது வெறும் செருப்போடு நிற்காதே. பெயர் எழுதப் பதினான்காம் தேதிதான் கடைசி, நகல் செல்லாதாம், பத்திரத்தையே நெல்சீனியோ கையில் கொடுத்தனுப்பு.

உன் அம்மா,
டோராலிசி

அண்ணா, கையெழுத்தை அம்மாவே போட்டாள். பத்திரம் பற்றிய வரியை அப்பா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, வெளிச்சம் இருந்தால் ஆற்றுப் பக்கம் ஒன்றும் தெரிவதில்லை என்று சொல்லி எழுந்துபோய் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வாசலில் நின்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.