தோத்திரம் சொன்ன பிள்ளை

மைனி,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். மாதா கோயில் முற்றத்தில் ஓர் இளம் தாய் தன் பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்து, "அக்காவுக்குத் தோத்திரம் சொல்லு மக்கா" என்று என் முன்னால் நீட்டினாள். தேங்காயெண்ணெயும் பவுடரும் கலந்த பிள்ளை வாசனை. மற்றவர்களாக இருந்தால் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். நான் அந்தப் பிள்ளையின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னைப் பார்த்தது, அம்மாவைத் திரும்பிப் பார்த்தது, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அப்பாடா என்றிருந்தது. அந்தப் பெண்தான் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். நான் கண் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாள். வீட்டுக்குப் போய் மிளகாய் சுற்றிப் போட்டிருந்தாலும் போட்டிருப்பாள், போடட்டும்.

அந்தப் பிள்ளையை ஏன் அப்படிப் பார்த்தேன் என்பதை உங்களிடம் சொன்னால் மட்டும்தான் விளக்கம் தேவைப்படாது. நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த முட்டத்து வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் உங்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட நாத்தனார், முன் அறையில் தையல் மெஷின், ஊரில் பாதிப் பெண்களின் ஜாக்கெட் அளவும் வாய்ப்பாடமாகத் தெரியும். கோயில் பாடகர் குழுவில் உங்கள் குரல் மற்றவர்களின் குரலை எல்லாம் விழுங்கிவிடும். வீட்டிலும் அதே குரல்தான். உங்கள் தம்பி மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, உங்களுக்கும் மாமிக்கும் நடுவில் நான் வயிற்றுப் பிள்ளையோடு தனியாக மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை பிறந்ததும் என் பயங்களும் பிறந்தன. தும்மினால் பயம், விக்கினால் பயம். அழும்போது கீழுதடு நடுங்கினால், தூங்குவதற்கு முன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால், வெளிக்குப் பச்சையாகப் போனால், எல்லாவற்றுக்கும் ஆட்டோ பிடித்துப் பிள்ளைகள் டாக்டரிடம் ஓடுவேன். அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்லி அனுப்புவார்: பால் குடிக்கிறானா, எடை ஏறுகிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறானா, அப்படியானால் இது ஒன்றுமில்லை. அவர் சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. நீங்கள் மெஷினை நிறுத்தாமலேயே கேட்பீர்கள்: "இன்னைக்கு என்னத்துக்குப் போனா? பய கொட்டாவி விட்டானா?" மாமி சிரிப்பார். ஆஸ்பத்திரி நர்சுக்குக்கூட என்னைப் பார்த்தால் சிரிப்பு வரும். எதற்கெடுத்தாலும் பதறுகிற வெப்ராளம் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் பின்னால் என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

நீங்கள் அவனுக்குத் தோத்திரம் சொல்லச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது அவன் கழுத்து நிற்பதற்கும் முன்னாலேயே. மடியில் போட்டுக்கொண்டு, "சாமிக்குத் தோத்திரம் சொல்லு, எனக்க மக்களே" என்று கைகளைச் சேர்த்து வைப்பீர்கள். அவன் உங்கள் மூக்கைப் பிடிப்பான். பயல் சாமியாராகப் போகிறான், பூசை வைத்தால் பாட்டு உங்களுடையதுதான் என்று இப்போதே முடிவு கட்டியிருந்தீர்கள்.

ஐந்து மாதம் கடந்த பிறகு ஒரு நாள் காலையில் தூங்கி எழுந்ததும் அவன் செய்தான். தலை சட்டென்று முன்னால் குனிந்தது. இரண்டு கைகளும் மேலே எழும்பி நெஞ்சுக்கு நேரே வந்து சேர்ந்தன. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதே குனிவு, அதே கை. மறுபடியும். வீடே கூடிவிட்டது. நீங்கள் கை தட்டினீர்கள், மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார், மஸ்கட்டுக்கு வீடியோ கால் போனது, அங்கே ரூமில் இருந்தவர்களும் சேர்ந்து கை தட்டினார்கள். ஜாக்கெட் வாங்க வந்தவர்களை எல்லாம், "கொஞ்சம் இருங்க, பய எழும்புத நேரம்தான்" என்று பிடித்து உட்கார வைத்தீர்கள். அவனும் யாரையும் ஏமாற்றவில்லை. தூங்கி எழுந்தால் தோத்திரம்தான். முடிந்ததும் வீறிட்டு அழுவான். பசி என்று நான் பால் கொடுத்தேன்.

எனக்குச் சந்தேகம் வரவில்லையா என்றால் வந்தது. மனசுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. டாக்டரிடம் கொண்டுபோனேன். அங்கே அவன் நன்றாகத் தூங்கினான். எழுப்பிப் பார்த்தும் அன்றைக்கு ஒன்றும் செய்யவில்லை. நான் வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் திடுக்கிடுவது சகஜம், வாயுவாகவும் இருக்கலாம், உட்காரத் தொடங்கினால் நின்றுவிடும் என்றார். அதோடு என் வாய் அடைத்துப்போயிற்று. இந்தத் தடவையும் எனக்கு வெப்ராளம்தான் என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

நீங்கள்தான் விடவில்லை. ஆரம்பத்தில் உங்களுக்கு வந்தது சந்தேகமே இல்லை, கோபம். நீங்கள் பாடினால் காலை உதைத்து உதைத்துச் சிரிப்பானே, அது நின்றுபோயிருந்தது. பாட்டை மாற்றினீர்கள், மெட்டை மாற்றினீர்கள். அவன் உங்கள் முகத்தைத் தாண்டி எங்கேயோ பார்த்தான். "எனக்க மேல இந்தப் பயலுக்கு என்ன கோவம்?" என்று என்னிடம் வந்து சண்டைக்கு நின்றீர்கள். நான்தான் ஏதோ சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேன் என்பதுபோல. எனக்கும் பதிலுக்குச் சுருக்கென்று ஏதாவது சொல்ல வந்தது, சொல்லியும் இருப்பேன்.

அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, நான் அடுக்களையில் சாளை கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். மெஷின் சத்தம் இல்லை. உங்கள் குரலும் இல்லை, அவ்வளவு மெதுவாகப் பேசினீர்கள்.

"ஏட்டி, அவன் எனக்குத் தோத்திரம் சொல்லல்ல."

எனக்குப் புரியவில்லை.

"நான் சொல்லச் சொன்னா ஒரு நாளும் செய்யல்ல. சொல்லாதப்போதான் செய்யுதான். இன்னைக்கு எழும்புத நேரத்துல செவுத்தப் பாத்துத் திருப்பிப் படுக்க வச்சேன். செவுத்துக்குச் செய்யுதான். கூப்பிட்டேன், திரும்பல்ல. கையப் பிடிச்சேன். பிடிச்ச கைக்குள்ளயும் அது வெட்டுது."

மீன் கழுவிய கையோடு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை நாளும் அந்தத் தோத்திரத்தை நம்பியவர்களில் அதிகமாக நம்பியவர் நீங்கள். ஊரைக் கூட்டிக் காட்டியவரும் நீங்கள்தான். சோதித்துப் பார்க்காமல் இருந்திருந்தால் உங்கள் சந்தோஷம் இன்னும் கொஞ்ச நாள் நீடித்திருக்கும்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. மஸ்கட்டிலிருந்து உங்கள் தம்பி, டாக்டர் சொல்லியாச்சு, இன்னும் எத்தனை தடவை ஓடுவீர்கள் என்றார். மாமிக்கு ஆத்திரம். பிள்ளை கும்பிடுவதைப் போய் நோவு என்கிறீர்களே என்று ஆரம்பித்தவர், வாய் தவறி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார்: "பெத்தவளுக்குத் தெரியாதது பெறாத உனக்குத் தெரியுமோ?"

 நீங்கள் பைக்குள் பிள்ளையின் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். நிறுத்தாமலேயே பதில் சொன்னீர்கள்.

"பெறாதவளுக்கும் ரெண்டு கண்ணு இருக்கு, அம்மா."

மாமி அழுதுகொண்டே உள்ளே போனார். உங்கள் முகத்தில் அழுகை இல்லை. வாயால் சொன்னால் இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், காட்டினால்தான் நம்புவார்கள் என்றீர்கள். அடுத்த தூக்கத்திலிருந்து அவன் எழும்புவதற்கு முன்பே தொட்டில் பக்கத்தில் போனை வைத்துப் பிடித்தீர்கள். கொஞ்சவில்லை, கூப்பிடவில்லை. கண் திறந்ததிலிருந்து கடைசி அழுகை வரை முழுவதையும் எடுத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று முதல்முறையாக அதைச் சரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு குனிவிலும் அவன் கண் மேலே சொருகியது. கை தட்டிய சத்தத்தில் நாங்கள் யாரும் அவன் கண்ணைப் பார்த்திருக்கவில்லை.

நாகர்கோவிலில் வேறொரு பிள்ளைகள் டாக்டர், வயதான அம்மா. நீங்கள் வணக்கம்கூடச் சொல்லாமல் போனை அவர் முன்னால் வைத்தீர்கள். அவர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்துக் கேட்ட ஒரே கேள்வி, "சிரிக்கிறது குறைஞ்சிருக்கா?" என்பதுதான். நீங்கள்தான் தலையாட்டினீர்கள்.

"இது வலிப்பில ஒரு வகை. சின்னப் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் வரும், பாத்தா வலிப்பு மாதிரியே இருக்காது. விட்டா மூளை வளர்ச்சியப் பிடிச்சு நிறுத்திரும். வீட்டுக்குப் போய் யோசிக்காதீங்க. இன்னைக்கே திருவனந்தபுரம் போங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்."

அங்கிருந்தே வண்டி பிடித்தோம். தக்கலை தாண்டும்வரை நீங்கள் அவனைத் தோளில் தட்டிக்கொண்டே வந்தீர்கள். பிறகு உடைந்தீர்கள். "எத்தன பேருக்குக் காட்டினேன் ஏட்டி. பிள்ள கஷ்டப்பட்டுட்டுக் கெடந்தான், நான் கை தட்டிட்டு நின்னேன்." எனக்கும் அழ வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதால் பிள்ளையை யார் பிடிப்பது? அழுவதைப் பிறகு வைத்துக்கொள்வோம், பால் பாட்டிலை எடுங்கள் என்றேன். நான் உங்களுக்கு ஆணையிட்டது அதுதான் முதல்தடவை. நீங்கள் மூக்கைச் சிந்திவிட்டு எடுத்துக் கொடுத்தீர்கள்.

திருவனந்தபுரத்தில் தலை முழுக்க வயர் ஒட்டி அவனைத் தூங்க வைக்க வேண்டும் என்றார்கள். உங்கள் பாட்டில்தான் தூங்கினான். அவ்வளவு சின்னக் குரலில் உங்களால் பாட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். சோதனை முடிந்து அந்த டாக்டரம்மா சொன்னதையே இவர்களும் சொன்னார்கள், மருந்து உடனே ஆரம்பித்தார்கள். அந்த மருந்தில் அவன் முகம் வீங்கி, சதா பசி, சதா அழுகை. பார்க்க வந்தவர்கள் கொடிமரத்துக்கு நேர்ச்சை, எண்ணெய் மந்திரிப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நீங்கள் யாரையும் எதிர்க்கவில்லை. "எல்லாக் கோயிலுக்கும் போவோம். மருந்து குடுத்திட்டுப் போவோம்" என்று மட்டும் சொன்னீர்கள். அப்படியே செய்தோம், ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை.

குனிவு குறைந்தது, பிறகு நின்றது. ஆனாலும் முகம் வெறுமையாகவே இருந்தது. அப்புறம் ஒரு மத்தியானம், பிள்ளைக்குக் கொடுப்பது எப்படித்தான் இருக்கிறதென்று மாமி அந்த மருந்தை நக்கிப் பார்த்தார். கசப்பில் மாமியின் முகம் போன போக்கைப் பார்த்து அவன் கெக்கெக்கே என்று சிரித்தான். மூன்று பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதோம். மாமி பாவம், அவனுக்காக அந்த மருந்தை அதற்கப்புறமும் எத்தனையோ தடவை நக்கினார்.

இவ்வளவு செய்த உங்கள்மேல் எனக்கு இன்னும் தீராத கோபம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் தவக்காலத்தில் நெஞ்செரிகிறது என்றீர்கள். மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எரிச்சல் நிற்கவில்லை, இடது தோளுக்கு ஏறியது. வேறு டாக்டரிடம் போவோம் என்று நான் சொன்னபோதெல்லாம், "டாக்டர் சொல்லியாச்சில்லா, வாயுதான்" என்று இஞ்சிச் சாறு குடித்தீர்கள். அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது மைனி? பிள்ளைக்கு இருந்த கண் உங்களுக்கு ஏன் இல்லாமல் போயிற்று? ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் முடிந்திருந்தது.

அதிலிருந்து நான் யாருக்காகவும் வெட்கப்படுவதில்லை. தெருவில் எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் சொல்கிறேன். தும்மலுக்கும் விக்கலுக்கும் பதறாதீர்கள். ஆனால் புதிதாக ஒன்று வந்து, ஏற்கெனவே இருந்த சிரிப்போ பார்வையோ போனால், வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள். ஒரு டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள். வெப்ராளம் பிடித்தவள் என்று இப்போதும் சொல்கிறார்கள். அந்தப் பெயரை நான் சம்மதித்தே வைத்துக்கொண்டேன்.

அவனுக்கு நான்கு வயது நடக்கிறது. வலிப்பு திரும்ப வரவில்லை. நடக்கத் தாமதம், பேச அதைவிடத் தாமதம். ஆண் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும், காத்திரு என்று ஊர் சொல்கிறது. நான் காத்திருக்கவில்லை. நாகர்கோவிலுக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் பஸ்ஸில் கொண்டுபோகிறேன். மழையானாலும், மாமிக்குக் காய்ச்சலானாலும், அவன் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தாலும் போகிறேன். அங்கே டீச்சர் என் படத்தைக் காட்டி, "இது யாரு? அம்மா சொல்லு, அம்மா" என்பார். அவன் ஜன்னலைப் பார்ப்பான். வீட்டில் நானும் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை வறண்டுபோனேன்.

போன வாரம் முட்டம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம். பஸ் வந்துவிட்டது. நான் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். என் சேலையைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன். நேராக என் கண்ணைப் பார்த்தான்.

"ஏட்டி," என்றான். "வா."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீச்சரிடம் சொன்னேன், சந்தோஷப்பட்டார், மெதுவாக 'அம்மா' என்று திருத்திவிடலாம் என்றார். மாமிக்கும் அதே எண்ணம்தான், பெற்ற தாயை இப்படிக் கூப்பிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறார்.

நான் திருத்த மாட்டேன் மைனி. என்னை அப்படிக் கூப்பிட இப்போது அவன் ஒருவன்தான் இருக்கிறான்.