தோட்ட லீவு

பொலிகண்டி,
பங்குனி 2026.

அன்புள்ள மகன் கோகுலனுக்கு அம்மா எழுதிறது,

உன்ரை அப்பாவும் நானும் இஞ்சை இருக்கிறபடி இருக்கிறம். நீ உங்கை ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு கந்தவனத்து முருகனைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தனான். போனிலை கதைக்கலாமே, ஏன் கடிதம் எண்டு யோசிப்பாய். போனிலை நான் வாயைத் திறந்தால் பக்கத்துக் கட்டிலிலை கிடக்கிற உன்ரை அப்பாவுக்கு எல்லாம் கேக்கும். அவருக்கு வாய்தான் இல்லை, காது வடிவாக் கேக்கும். அதோடை போன தரம் நான் கதைச்ச கதையிலை நீ போனை வைச்சிட்டாய். கடிதத்தை வைக்கிறதெண்டாலும் வாசிச்சுப்போட்டுத்தான் வைப்பாய் எண்டு நினைக்கிறன்.

இஞ்சை மழை விட்டு வெய்யில் தொடங்கியிட்டுது. வாடைக்காத்து நிண்டு கடல் படுத்துக் கிடக்கு. பக்கத்து வீட்டு நாகலிங்கம் அண்ணை போன கிழமை வலை போட்டவர், இழுவைப் படகுகள் வந்து அரைவாசியை அறுத்துக்கொண்டு போயிட்டுது, மிச்சத்தை முத்தத்திலை விரிச்சு வைச்சு இன்னும் ஓட்டையளைப் பொத்திக்கொண்டு இருக்கிறார். தங்கச்சி மதுரா உடுப்பிட்டியிலையிருந்து ஒண்டைவிட்டொரு நாள் ஸ்கூட்டியிலை வந்து போறாள், அவளின்ரை பிள்ளைக்கு முன் பல்லு விழுந்து சிரிச்சால் பாக்க ஒரு வடிவு. மருமகன் கஜீவன்தான் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டிறது, பெத்த பிள்ளை செய்யிற வேலையை முகம் சுழிக்காமல் செய்யிறார். கிழமைக்கு ரெண்டு தரம் ஓட்டோ பிடிச்சு மந்திகை ஆஸ்பத்திரிக்குத் தெறாப்பிக்குக் கொண்டு போறம். கால் கொஞ்சம் பிடிக்குது, வலது கை இன்னும் தொங்கத்தான். உன்ரை கலியாணக் கதையை நான் இதிலை எடுக்கேல்லை, அதுக்கு எனக்கு இப்ப மனம் இல்லை.

நீ அந்த றேஸ் கார் எஞ்சின் கொம்பனியிலை சேந்த நாளிலையிருந்து உன்ரை அப்பா என்ன செய்தவர் எண்டு உனக்குத் தெரியாது, நான் சொல்லுறன் கேள். றேஸ் கார் எண்டால் என்னெண்டு தெரியாத மனுசன். அவருக்குத் தெரிஞ்சது மண்ணெண்ணெயிலை ஓடுற போட் மோட்டர் ஒண்டுதான். நீ ஒருக்கால் போனிலை சொன்னதை வைச்சுக்கொண்டு பத்து வருசம் ஊருக்குச் சொன்னவர். சின்ன எஞ்சினாம், அதிலையிருந்து வெளியிலை போற சூட்டுப் புகை ஒரு சக்கரத்தைச் சுத்தி எஞ்சினுக்குள்ளை காத்தை அமத்திக் குடுக்குமாம், அதுதான் டேர்போவாம், அந்தச் சக்கரத்தின்ரை தண்டிலையே ஒரு மோட்டரைப் பூட்டி, வீணாப் போற சூட்டிலையிருந்து மின்சாரம் எடுத்துத் திரும்பக் காருக்கே குடுக்கிறதாம், அந்த மோட்டர்தான் என்ரை மகன்ரை வேலை எண்டு. சந்தியிலை நிக்கிற ஓட்டோவின்ரை சைலன்சருக்குப் பின்னாலை ஆக்களின்ரை கையைப் பிடிச்சு வைச்சு, பார் இந்தச் சூடு சும்மாதானே போகுது, உந்தச் சூட்டைத்தான் அவன் பிடிக்கிறான் எண்டு காட்டுவார். ஞாயிறு பின்னேரங்களிலை கஜீவனைக் கொண்டு றேஸைப் போடுவிச்சு ரீவிக்கு முன்னாலை கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பார். ஆர் முதல் வந்தது எண்டதிலை அவருக்கு அக்கறை இல்லை, எந்தெந்தக் காருக்குள்ளை உன்ரை மோட்டர் இருக்கு எண்டதுதான். முந்தின கார் காதைக் கிழிக்கிற சத்தம் போடுமாம், இப்ப சத்தம் குறைஞ்சு போச்செண்டு வெள்ளைக்காரர் குறை சொல்லுகினமாம் எண்டு கஜீவன் சொன்னால், அந்தச் சத்தத்தையும் சேத்துத்தான் தம்பி என்ரை பெடியன் பிடிச்செடுக்கிறான் எண்டு சிரிப்பார்.

உன்னட்டை ஏதும் நுணுக்கமாக் கேட்டால் அது கொம்பனி ரகசியம் அப்பா, கையெழுத்து வைச்சுக் குடுத்திருக்கிறன், வீட்டிலையும் கதைக்கக்கூடாது எண்டு சொல்லுவாய். அதுக்கும் அவருக்குப் பெருமைதான். தகப்பனுக்கே சொல்லக்கூடாத வேலை பாக்கிறான் எண்டு அதையும் போய்ச் சந்தியிலை சொல்லுவார். மண்ணெண்ணெய் இல்லாத அந்த வருசம், கரையிலை போட்டெல்லாம் கவிழ்ந்து கிடக்க, கானைத் தூக்கிக்கொண்டு வெய்யிலுக்கை வரிசையிலை நிண்டு வெறுங் கானோடை வருவார், வந்து இருந்து, கோகுலன்ரை எஞ்சின் போலை எங்கடை மோட்டரும் இருந்தால் இந்தப் பாடு இல்லை எண்டு சொல்லுவார். அந்த எஞ்சின் கதை எனக்கு அப்பவே கசந்தது. அந்த வருசம்தான் றேஸ் நடத்திறவை இந்தச் சூட்டு மோட்டரை 2026 இலையிருந்து எடுக்கப் போகினம் எண்டு விதி வந்ததைக் கஜீவன் போனிலை வாசிச்சுச் சொன்னவர். அப்பா நம்பேல்லை. வீணாப் போறதைப் பிடிக்கிற சாமானை எந்த விசரன் கழட்டுவான் எண்டு கேட்டார். நீதான் ஓம் உண்மைதான், செலவு கூட, புதுசா வாற கொம்பனியளுக்குச் செய்யக் கஷ்டம், ரோட்டிலை ஓடுற காருக்கு உதவாது எண்டு சொல்லுகினம் எண்டாய். அண்டைக்கு உன்ரை குரல் செத்துக் கிடந்தது. கேட்டதுக்குத் தடிமன், சளி எண்டாய். அப்பா யோசிச்சுப்போட்டு, கழட்டினாப் பிறகு ரகசியம் ஏது, அவன் வரட்டும், பக்கத்திலை இருத்தி வைச்சு முழுக்கக் கேக்கிறன் எண்டார். அண்டு தொடக்கம் அவர் நீ வாறதைப் பாத்துக்கொண்டிருந்தது அதுக்குத்தான்.

போன வருசம் தை மாசம், கொம்பனி மாறுறன், புது விதிக்குப் புது எஞ்சின், மூச்சு விட நேரம் இல்லை, இந்த வருசம் வர ஏலாது எண்டு சொன்னாய். நாங்கள் நம்பினம். வருசப் பிறப்புக்கு வரேல்லை. கோயில் திருவிழாவுக்கு வரேல்லை. ஆவணியிலை அப்பா ரெண்டு தரம் கை விறைக்குது எண்டவர், உனக்குச் சொல்லுவம் எண்டால், அவன் வேலையிலை நிக்கிறான், குழப்பாதை எண்டு என்ரை வாயை அடைச்சுப்போட்டார். ஊர்ச் சனம் உன்ரை மகன் ஏன் வரேல்லை எண்டு கேட்டால் நான்தான் சண்டைக்குப் போனனான். அவன் அங்கை ஆரோடையோ இருக்கிறான் போலை, அதுதான் வாறானில்லை எண்டு சொன்னதுக்காக என்ரை கூடப்பிறந்த தங்கச்சியோடையே கதை பேச்சில்லாமல் விட்டனான். ஐப்பசியிலை ஒரு காலமை முகம் கழுவக் கிணத்தடிக்குப் போன மனுசன் வாளியோடை சரிஞ்சார். நீ ஓடி வந்தாய், இல்லையெண்டு சொல்லேல்லை. ஒரு கிழமை கூட நிக்கேல்லை. கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்தாய். அவர் உன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தார், நீ உன்ரை போனைப் பாத்துக்கொண்டிருந்தாய். புது வேலை, பாவம் பிள்ளை எண்டு நான் என்ரை மனதைத் தேற்றிக்கொண்டன்.

இந்தத் தையிலை எமில்ராஜ் வந்தவன். குருநகர்ப் பெடியன், உன்ரை பழைய கொம்பனியிலை மெசினிலை எஞ்சின் சாமான் கடையிறவன் எண்டு நீதான் சொல்லியிருந்தாய். தன்ரை தங்கச்சி லவீனாவின்ரை கலியாணத்துக்கு வந்த இடத்திலை, நீ குடுத்துவிட்ட போர்வையையும் மருந்துகளையும் கொண்டு இவ்வளவு தூரம் வந்து தந்தவன். நல்ல பெடியன், மனதிலை கள்ளம் இல்லை. கதைக்க ஏலாத மனுசனுக்கு முன்னாலை சும்மா இருக்க ஒரு மாதிரியாய் இருந்திருக்கும், அதாலை தானே கதைச்சுக்கொண்டிருந்தான். "எங்கடை தொழிலிலை கொம்பனி மாறினால் உடனை மற்ற இடத்துக்குப் போக விடமாட்டினம் அம்மா. சம்பளத்தைக் குடுத்து வீட்டிலை இருத்திவிடுவினம், தலைக்குள்ளை இருக்கிற ரகசியம் பழசாகட்டும் எண்டு. தோட்ட லீவு எண்டு சொல்லுறது. கோகுலன் அண்ணை மாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் எட்டு மாசம் வீட்டிலைதானே நிண்டவர்" எண்டான். பிறகு சிரிச்சுக்கொண்டு, நீ உண்மையாவே பின் வளவிலை தக்காளி போட்டுத் தங்களுக்கும் குடுத்தனியாம், ஒரு முறை எல்லாருமாய்ச் சேந்து ஸ்கொட்லாந்திலை மலை ஏறப் போனனீங்களாம் எண்டான்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடை நிண்டனான். அவனிலை பிழை இல்லை, எங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சுத்தான் சொன்னவன். நான் ஓம் தம்பி, தெரியும் எண்டு சொல்லி, சீனி போதுமோ எண்டு கேட்டன். அவனுக்கு முன்னாலையும் உன்னை விட்டுக் குடுக்க எனக்கு வாய் வரேல்லை. அப்பா முகட்டைப் பாத்துக்கொண்டு கிடந்தார். வலது கண்ணாலை தண்ணி வடிஞ்சது. அந்தக் கண் பாரிசவாதம் வந்த நாளிலையிருந்து வடியிறதுதான், அதாலை இது எந்தத் தண்ணி எண்டு எனக்குத் தெரியேல்லை.

அவன் போனாப்பிறகு வேலிக்கரையிலை போய் நிண்டு உனக்குப் போன் அடிச்சன். முதல் எமில்ராஜ் மாறிச் சொல்லுறான் எண்டாய். பேந்து விசாப் பிரச்சினை எண்டாய். கடைசியாத்தான் சொன்னாய், "அம்மா, வந்தால் அப்பா அந்த மோட்டரைப் பற்றித்தான் கேப்பார். பத்து வருசம் செய்ததைக் குப்பையிலை போட்டிட்டினம். அவருக்கு முன்னாலை இருந்து அதைக் கதைக்க என்னாலை ஏலாமல் கிடந்தது" எண்டு. நான் கத்தினன், நீ போனை வைச்சாய். வைச்சிருக்காட்டிச் சொல்லியிருப்பன், இப்ப எழுதிறன்.

உனக்கு நொந்தது எண்டு எனக்கு விளங்குது. இருந்து இருந்து செய்த சாமானை ஒரு விதியாலை வேண்டாம் எண்டு தள்ளினால் ஆருக்கும் நோகும், அவையளிலை எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அப்பாவுக்கு எஞ்சின் வேண்டாமடா. அவர் கடலுக்குப் போய் வந்த மனுசன், நீ வளரேக்கை உன்னைக் கண்டதே குறைவு, நீ படிச்சுப் பெரியாளாய் வர உன்னோடை கதைக்க அவரிட்டை ஒரு கதையும் இருக்கேல்லை. அந்த மோட்டர் ஒண்டுதான் கிடைச்சது. அதைப் பிடிச்சுக்கொண்டுதான் ஒவ்வொரு ஞாயிறும் ரீவிக்கு முன்னாலை இருந்தவர். நீ வந்து, அப்பா அதைக் கழட்டி எறிஞ்சு போட்டாங்கள் எண்டு சொல்லியிருந்தால், அவர் உன்னோடை சேந்து அவங்களைத் தூசணத்தாலை பேசியிருப்பார், நான் குசினிக்குள்ளை இருந்து உங்கள் ரெண்டு பேரையும் பேசியிருப்பன். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்த எட்டு மாசமும் அவருக்கு வாய் இருந்தது. உனக்கு நேரம் இருந்தது. நீ தக்காளிக்குத் தண்ணி விட்டாய்.

இந்த மாசம் புது எஞ்சினோடை முதல் றேஸ் நடந்தது. ஞாயிறு காலமை கஜீவன் வந்து ரீவியைப் போட்டார், அவருக்கு ஒண்டும் தெரியாது, மதுராவுக்கும் நான் சொல்லேல்லை, உன்ரை மானத்தை இன்னும் நான்தான் காத்துக்கொண்டிருக்கிறன். எந்தக் காருக்குள்ளை உன்ரை வேலை இருக்கு எண்டு அப்பாவுக்கு இந்த முறை தெரியாது, கேக்கவும் ஏலாது. எல்லாக் காரையும் ஒரே மாதிரிப் பாத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பி வெளியிலை போயிட்டன்.

போன கிழமை அவருக்கு ஒரு சொல்லு வந்திட்டுது. ஓம் எண்ட சொல்லு. எதுக்கும் ஓம்தான். பசிக்குதோ எண்டால் ஓம், வயிறு நிறைஞ்சிட்டுதோ எண்டால் ஓம், நாகலிங்கம் அண்ணை பகிடிக்கு நீ பொம்பிளையோ எண்டு கேக்க அதுக்கும் ஓம். தெறாப்பி செய்யிற பிள்ளை ஜெயனி சொல்லுறா, இது நல்ல குறி, மற்றச் சொல்லுகளும் வரலாம், வராமலும் விடலாம், கிட்ட இருந்து ஆரும் கதைச்சுக்கொண்டே இருக்கவேணும் எண்டு. நேத்து நான் கேட்டன், கோகுலனிலை கோவமோ எண்டு. ஓம் எண்டார். அவனை வரச் சொல்லட்டோ எண்டன். ஓம். வரவேண்டாம் எண்டு எழுதட்டோ எண்டன். என்ரை முகத்தைக் கனநேரம் பாத்தார். ஒண்டும் சொல்லேல்லை.

என்ரை விருப்பம் எண்டால் வரவேண்டாம் எண்டுதான் எழுதியிருப்பன். அவர் அதுக்கு ஓம் சொல்லேல்லை, அதாலை எழுதிறன், வா. பிந்தாமல், வைகாசிக்கு முன்னம் வா. ஒரு சாமானும் கட்டிக்கொண்டு வராதை. வந்து அவரின்ரை நல்ல பக்கமா, இடப் பக்கம் கதிரையைப் போட்டு இருந்து, அந்த மோட்டரை என்னெண்டு செய்தனீ, என்னெண்டு ஓடினது, ஏன் கழட்டினவை எண்டு முதலிலையிருந்து சொல்லு. இனி அதிலை ஒரு ரகசியமும் இல்லைத்தானே. விளங்குதோ அப்பா எண்டு கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவார், அதை நம்பு. என்னோடை கதைக்கவேணும் எண்டில்லை. எனக்கு இன்னும் ஆறேல்லை, எப்ப ஆறும் எண்டும் தெரியாது. சோறு தருவன்.

முருகன் உனக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும், கோவத்திலை சொன்னாலும் தாயின்ரை வாய்ச் சொல்லு பலிக்கும். உங்கை இன்னும் குளிர் விடேல்லை எண்டு மதுரா சொல்லுறாள், நெஞ்சுச் சளியை விட்டு வைக்காதை. ரிக்கற் போட்டால் அவளுக்குச் சொல்லு, கஜீவன் பலாலிக்கோ கொழும்புக்கோ வந்து கூட்டிக்கொண்டு வருவார்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா,
நடராசா கமலாவதி